கானுயிர் கண்ட கிருஷ்ணன்

மதுரை மாநகரில் மாட்டுத்தாவணி என்னும் இடத்தை அறியாதார் இலர். இன்று அப்பெயரைக் கேட்ட அளவில் பேருந்து நிலையமே நம் நினைவிற்கு வரும். ஆயினும், அப்பெயர் பேருந்தினால் வந்ததன்று. தாவணி என்பது கால்நடைச் சந்தையைக் குறிக்கும் சொல். பேருந்துகள் வந்து நிற்பதற்கு முன்னர் அவ்விடத்தில் மாடுகள் வந்து நின்றன. மாடு வாங்க வரும் உழவர் அதன் பல்லைப் பார்த்து வயதை அறிவர். சுழியைப் பார்த்துக் குணத்தைக் கருதுவர். பின்னர்ச் சற்று நடக்கவிட்டும் ஓடவிட்டும் காலின் திறத்தை மதிப்பிடுவர். மாட்டோடு பிறந்து மாட்டோடு வளர்ந்தவர் ஆதலின் அவர்தம் மதிப்பீடு பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

ஆனால், ஓடுகின்ற அந்த மாட்டின் நான்கு கால்களும் ஒரு குறித்த கணத்தில் எவ்வெவ்விடத்தில் இருந்தன என்று வினவினால், பழுத்த உழவரும் விடை கூற இயலாது திகைப்பர். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசலைக் கடந்து காற்றெனப் பாயும் காளையைப் பல்லாயிரவர் காண்கின்றனர். கண்டவர் நெஞ்சில் நிற்பது பாய்ச்சலேயன்றிப் பாய்ச்சலின் ஒரு நிலையன்று. விரைவாக நிகழ்வனவற்றைப் பகுத்துக் காணும் ஆற்றல் மனிதக் கண்ணுக்கு இல்லை. அக்குறையை நீக்க வந்ததே நிழற்படக் கலை.

அக்கலையும் தோன்றிய காலத்திலேயே அவ்வாற்றலைப் பெற்றிருக்கவில்லை. 1858ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அலுவலர், சென்னை அரசாங்கத்தின் நிழற்படக் கலைஞராக மதுரைக்கு வந்தார். திருமலை நாயக்கர் மகாலையும் மீனாட்சியம்மன் கோயிலையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் காண்போர் வியக்கும் அழகுடையன. ஆனால் அவர் பயன்படுத்திய மெழுகேற்றிய தாள் ஒளியை மிக மெல்லவே ஏற்கும். ஆகவே நெடுநேரம் காமிராவைத் திறந்து வைத்தல் வேண்டும். தூணும் கோபுரமும் அசையாமல் நின்றன. அவை தெளிவாகப் பதிந்தன. அந்நேரத்தில் அவ்வழியே நடந்து சென்றோர் படத்தில் புகையெனக் கலைந்தனர், அன்றி அறவே மறைந்தனர்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1878இல், அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பார் ஓர் அரிய சோதனை செய்தார். பந்தயக் குதிரை ஓடும் பாதையின் ஓரத்தில் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக நிறுத்தினார். பாதையின் குறுக்கே மெல்லிய நூல்களைக் கட்டினார். குதிரை ஒவ்வொரு நூலையும் அறுத்துச் செல்ல, ஒவ்வொரு காமிராவும் ஒரு கணம் திறந்து மூடியது. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தை விட்டு நீங்கும் கணம் உண்டு என்பது அன்று உறுதியாயிற்று. ஓவியர் அதுவரை எழுதி வந்ததுபோல முன்னும் பின்னும் கால்கள் நீண்டிருக்கும் கணமன்று அது; கால்கள் யாவும் வயிற்றின் கீழ் மடங்கிக் கூடியிருக்கும் கணமாகும்.

மைபிரிட்ஜின் குதிரைக்குப் பாதை வகுக்கப்பட்டிருந்தது. அதன் முதுகில் அதனைச் செலுத்துவோன் இருந்தான். காட்டில் வாழும் விலங்கிற்குப் பாதை வகுப்பார் யார்? எங்கிருந்து வரும், எப்பொழுது வரும், வந்தபின் எத்திசையில் ஓடும் என்பவற்றை எவரும் முன்னர்க் கூற இயலாது. அத்தகைய விலங்குகளையும் பறவைகளையும் அவை வாழும் இடத்திற்கே சென்று படம் பிடிப்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட தமிழர் ஒருவர் இருந்தார். அவரே மா. கிருஷ்ணன் ஆவார்.

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். அவர் தந்தையார் அ. மாதவையா. தமிழ் நாவல் இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்பெறும் மாதவையா, பத்மாவதி சரித்திரம், முத்துமீனாட்சி முதலிய நூல்களின் ஆசிரியர். பெண்கல்விக்கும் சமூகச் சீர்திருத்தத்திற்கும் எழுதுகோல் பிடித்தவர். உப்புத் துறையில் அரசாங்க அலுவல் பார்த்து, விரும்பி ஓய்வு பெற்று, சென்னையில் அச்சகம் நிறுவிப் பஞ்சாமிர்தம் என்னும் இதழை நடத்தினார். 1925ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றக் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழ் கட்டாய பாடமாதல் வேண்டுமென்று பேசியவர், அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்பொழுது எண்மர் மக்களுள் இளையவரான கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. தந்தையை இழந்த சிறுவரை மூத்த தமக்கையார் இலட்சுமி அன்புடன் வளர்த்தார்.

அந்நாளைய மயிலாப்பூர் இந்நாளைய மயிலாப்பூரைப் போன்றதன்று. வீடுகளுக்கு அப்பால் புதர்களும் வெளிகளும் பரந்து கிடந்தன. அவற்றில் நரி ஊளையிட்டது; வெளிமான் மேய்ந்தது; பறவைகளுக்குக் குறைவே இல்லை. கிருஷ்ணன் கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்தார். பள்ளி விட்டதும் புதர்க்காடுகளில் திரிவதும், கண்டவற்றைத் தாளில் வரைவதும் அவருக்கு விளையாட்டாயின. பறவையை வரைய விரும்பும் சிறுவனுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. பறவை அவன் வரைந்து முடிக்கும்வரை காத்திராது. ஆகவே, கணப்பொழுதில் கண்டதை நெஞ்சில் நிறுத்திப் பின்னர் வரைதல் வேண்டும். காண்பதைக் கருத்தூன்றிக் காணும் பழக்கம் அவருக்கு இவ்வாறு இளமையிலேயே அமைந்தது.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தபின், 1927ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவர நூல் கற்பித்த பேராசிரியர் ஃபைசன், நீலகிரி, பழனி மலைகளின் செடிகொடிகளை ஆராய்ந்து நூல் எழுதிய பேரறிஞர். அவர் மலைகளுக்குச் சென்றபொழுது கிருஷ்ணனும் உடன் சென்றார். ஃபைசனின் மனைவியார் ஓவியம் வல்லவர். அவரிடம் நீர்வண்ணம் தீட்டும் முறையைக் கிருஷ்ணன் கற்றார். இலையின் நரம்பையும் பூவின் இதழையும் பிழையின்றி எழுதப் பயின்ற கை பின்னாளில் காமிராவைப் பிடித்தது.

1931இல் பட்டம் பெற்றார். எனினும் தேர்வில் அவர் சிறந்து விளங்கவில்லை. அக்காலம் உலகெங்கும் பொருளாதார நெருக்கடி மிகுந்திருந்த காலம். நிலையான வேலை கிட்டுவது அரிதாயிற்று. சிறு இதழ்களுக்குக் கட்டுரை எழுதியும், படமும் கேலிச்சித்திரமும் வரைந்தும் சில்லறை ஊதியம் பெற்றார்.

1942ஆம் ஆண்டில் பெல்லாரியை அடுத்த சண்டூர் என்னும் சிற்றரசில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே அவர் பார்த்த பணிகள் பலவாகும். பள்ளியாசிரியராக இருந்தார், நீதிபதியாக இருந்தார், விளம்பர அலுவலராகவும், அரசரின் அரசியல் செயலாளராகவும் இருந்தார். பணி எதுவாயினும் ஒழிந்த நேரமெல்லாம் அவர் கால்கள் மலைச்சரிவுகளையே நாடின. ஆடு மேய்த்துப் பார்த்தார். அஞ்சல் கொண்டு செல்லும் புறாக்களை வளர்த்துப் பழக்கினார். ஓர் ஆட்டு மந்தையோடு பல நாள் சுற்றுபவன், ஆடு எப்பொழுது தலை தூக்கும், எதைக் கண்டு வெருளும், வெருண்டால் எப்பக்கம் திரும்பும் என்பவற்றை ஏட்டின் உதவியின்றியே அறிவான்.

நாடு விடுதலை பெற்றபின் சிற்றரசுகள் இந்திய ஒன்றியத்தில் இணைந்தன. 1949இல் சண்டூரும் இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தேழு. மனைவியும் மகனும் உடைய குடும்பத் தலைவர். அவரையொத்தோர் நிலையான ஊதியம் தரும் வேலையையே தேடியிருப்பர். கிருஷ்ணன் அவ்வாறு செய்யவில்லை. எழுத்தும் நிழற்படமும் தரும் வருவாயே போதும் என்று துணிந்தார். எட்வர்டு எலியட்ஸ் சாலை என்று அந்நாளில் பெயர் பெற்றிருந்த தெருவில் மிக எளிய இல்லத்தில் வாழ்ந்தார். 1950ஆம் ஆண்டு முதல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் ஞாயிறு மலரில், நாட்டுப்புறக் குறிப்பேடு என்று பொருள்படும் தலைப்பில் இரு வாரத்திற்கு ஒருமுறை கட்டுரை எழுதலானார். கட்டுரைக்குரிய படங்களையும் தாமே வரைந்தார். அப்பகுதி நாற்பத்தாறு ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது.

இனி, அவர் மேற்கொண்ட நிழற்படக் கலையின் அருமையைச் சிறிது ஆராய்வோம். ஒரு வெளிமான் மணிக்கு 72 கிலோமீட்டர் விரைவில் நம் முன்னே குறுக்காக ஓடுகிறது என்று கொள்வோம். அஃது ஒரு நொடியில் 20 மீட்டர் கடக்கும். காமிராவின் ஒளிவாயிலைத் திறந்து மூடுவது ஷட்டர் என்னும் திரை. அது நொடியில் 50இல் ஒரு பங்கு நேரம் திறந்திருப்பின், அதற்குள் மான் 40 சென்டிமீட்டர் ஓடிவிடும். படம் வெறும் கீற்றாகவே பதியும். 1000இல் ஒரு பங்கு நேரமே திறந்திருப்பின் மான் 2 சென்டிமீட்டர் மட்டுமே நகரும், படம் தெளிவாகும். ஆகவே ஷட்டரை விரைவாக மூடினால் போதுமே என்று தோன்றலாம். விரைந்து மூடினால் உள்ளே புகும் ஒளி குறையும். அடர்ந்த காட்டில் காலையிலும் மாலையிலும்தான் விலங்குகள் மிகுதியாக நடமாடும். ஒளி குறைந்த பொழுதும் அதுவே. ஒளியைப் பெருக்க வேண்டி லென்ஸின் வாயை அகலத் திறந்தால், தெளிவாகத் தெரியும் தொலைவின் எல்லை சுருங்கிவிடும். விலங்கு ஓரடி முன்னே வந்தாலும் படம் மங்கும். இவ்வாறு விரைவு, ஒளி, தெளிவு என்னும் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க நேரும்.

அந்நாளைய பிலிம் சுருள்கள் இக்காலக் கருவிகளைப் போல மங்கிய ஒளியை ஏற்கும் திறன் படைத்தன அல்ல. வண்ணச் சுருளோ இன்னும் மெதுவானது. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்து வந்தார். அகலச் சுருள் ஒன்றில் அடங்கும் சதுரப் படங்கள் பன்னிரண்டே. ஒவ்வொரு படத்திற்கும் செலவு உண்டு. எழுத்தால் வாழ்பவருக்கு அச்செலவு சிறிதன்று. விலையுயர்ந்த புதிய கருவிகளையும் அவர் நாடவில்லை. ஒரு காமிராவின் உடலையும் வேறொன்றின் லென்ஸையும் இணைத்துத் தமக்கேற்றவாறு ஒரு பெருங்கருவியை அமைத்துக்கொண்டார். அதன் கனத்தைத் தாமே நகைத்து அதற்குச் சூப்பர் பாண்டரோசா என்று வேடிக்கைப் பெயரும் இட்டார். அதனைச் சுமந்துகொண்டு காடு மேடெல்லாம் நடந்தார்.

மேற்கூறிய இடர்கள் யாவற்றினும் பெரியதொன்று உண்டு. கண் ஒன்றைக் கண்டு, மூளை அதனை உணர்ந்து, விரல் அசைவதற்கு ஏறத்தாழ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்நேரத்திற்குள் நாம் கூறிய மான் 4 மீட்டர் ஓடிவிடும். எனவே, மான் துள்ளக் கண்டு பொத்தானை அழுத்துபவனுக்குத் துள்ளல் கிட்டாது. அது தரையிறங்கிய பின்னர் உள்ள நிலையே கிட்டும். இக்குறையை எந்தக் கருவியும் முற்றும் தீர்க்காது. துள்ளப்போகிறது என்பதைத் துள்ளுமுன் அறிந்தவனே அதனைப் படமாக்குவான். அவ்வறிவோ கடையில் விற்பதன்று. விலங்கோடு பழகிப் பெறவேண்டியது.

வெளிமான் கூட்டம் வெருண்டால், தலைமான் துள்ளிய இடத்திலேயே பின்வரும் மான்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளிச் செல்லும் இயல்புடையது. முதல் மானைத் தவறவிட்டவன் வருந்த வேண்டுவதில்லை; அவ்விடத்திற்கு லென்ஸைப் பொருத்திக் காத்திருப்பின் அடுத்த மான் அங்கே வரும். மேலெழுந்த மான் உச்சியை அடைந்து கீழிறங்குமுன், எழுச்சியும் வீழ்ச்சியும் இன்றி ஒரு கணம் மிதப்பதுபோல் இருக்கும். அக்கணத்தில் விரைவு குறைந்த ஷட்டரும் ஓரளவு உதவும். புள்ளிமான் சிறிது தொலைவு ஓடியபின் நின்று திரும்பிப் பார்ப்பது உண்டு. பெரும் பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்பும்; காற்று வரும் திசையறிந்தவன் பறவை எழும் திசையை அறிவான். குறுக்காக ஓடும் விலங்கைக் காட்டிலும் நேரே நம்மை நோக்கி வரும் விலங்கின் உருவம் படத்தில் குறைவாகவே இடம்பெயரும். குறுக்காக ஓடுவதை எடுக்க வேண்டின், அதன் ஓட்டத்தோடு காமிராவையும் ஒரே சீராகத் திருப்பிக்கொண்டே அழுத்தினால், பின்னணி கலைந்து விலங்கு தெளியும்.

யானையின் செய்தி வேறு. காதுகளை விரித்துப் பிளிறிக்கொண்டு ஓடிவரும் யானை பெரும்பாலும் அச்சுறுத்தி நின்றுவிடும். காதுகளை ஒடுக்கித் துதிக்கையைச் சுருட்டி ஓசையின்றி வரும் யானையே உயிருக்கு இறுதி. இவ்விரண்டையும் பிரித்தறியாதவன் கையில் எத்துணைச் சிறந்த காமிரா இருந்தாலும் என்ன பயன்? கிருஷ்ணனுக்கு யானையே தலையாய விருப்பம். முதுமலைக் காட்டில் வனத்துறையின் பழகிய யானை மீதமர்ந்து சென்று காட்டு யானைகளையும் காட்டெருதுகளையும் படம் பிடித்தார். பல வேளைகளில் காட்டின் இயல்பறிந்த மலைவாழ் மக்கள் துணையாகக் கால்நடையாகவே சென்றார். அவர் துப்பாக்கியைத் துணையாகக் கொண்டவர் அல்லர். விலங்கின் குறிப்பறிதலே அவருக்குக் கவசமாயிற்று.

பெரியாற்று நீர்த்தேக்கமும் அவர் விரும்பிச் சென்ற இடமாகும். 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அணையால் தேங்கிய அந்நீரே, மலையைக் குடைந்த வழியாக வந்து வைகையிற் கலந்து மதுரை நாட்டு வயல்களை வளப்படுத்துகிறது. நீரில் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் அத்தேக்கத்தில் இன்றும் நிற்கின்றன. அம்மரங்களின் இடையே யானைக் கூட்டங்கள் இறங்கி நீர் பருகும். குட்டிகளை நடுவில் விட்டு ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நீந்தும். அக்காட்சிகளைக் கிருஷ்ணன் காத்திருந்து கண்டார், கண்டவாறே படமாக்கினார். வைகை நீர் பாயும் ஊர்களில் உள்ளோர் தம் வயலுக்கு வரும் நீரின் தலைமாட்டில் யானைகள் நீராடுகின்றன என்பதை நினைத்தல் நன்று.

அவர் படங்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. விலங்கின் முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டுதலை அவர் நாடவில்லை. அது நிற்கும் புல்வெளி, அதன் பின்னுள்ள மரம், மேலுள்ள வானம், உடனுள்ள கூட்டம் ஆகிய யாவும் படத்தில் இடம்பெறும். சிலவற்றில் விலங்கு சிறிதாகவும் காடு பெரிதாகவும் தோன்றும். விலங்கு எங்கு வாழ்கிறது, எதை உண்கிறது, எவற்றோடு கூடுகிறது என்பதை அறியாமல் விலங்கை அறிந்ததாகச் சொல்ல இயலாது என்பது அவர் கொள்கை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், விலங்கும் புள்ளும் மரமும் அவற்றைச் சார்ந்த கருப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுத்த நெறியை அறிந்த தமிழர்க்கு இக்கொள்கை புதுமையாகத் தோன்றாது.

காமிரா எட்டாத இடத்தில் அவர் எழுதுகோல் எட்டியது. ஒளி போதாமையால் படமாக்க முடியாதவற்றை மையால் வரைந்தார். சில கோடுகளிலேயே பறவையின் சாயலும் இருக்கையும் விளங்கும். காட்டில் தங்கிக் கண்டவற்றை அன்றன்றே குறித்து வைத்தார்.

இத்துணை உழைப்பும் வெறும் அழகிய படங்களுக்காக அன்று. கிருஷ்ணன் வாழ்ந்த காலத்திலேயே இந்தியக் காடுகள் வேகமாகச் சுருங்கின. அவர் சிறுவராக இருந்தபொழுது மயிலாப்பூர்ப் புதர்வெளிகளில் கண்ட வெளிமான்கள் அவர் நடுவயதை எட்டுமுன் அங்கே இல்லையாயின. நிலத்தில் ஓடும் விலங்குகளுள் விரைவில் ஈடற்றது சிவிங்கி. ஒரு காலத்தில் இந்தியாவின் வறண்ட வெளிகளில் மான்களைத் துரத்தி ஓடிய அவ்விலங்கு, வேட்டையாலும் வாழிடம் அழிந்தமையாலும் மறைந்தது. 1952ஆம் ஆண்டில் இந்நாட்டில் அஃது அற்றுப்போயிற்று என்று அறிவிக்கப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2022இல், ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டிலிருந்து சில சிவிங்கிகளைக் கொணர்ந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டில் விடவேண்டியதாயிற்று. ஓடும் விலங்கைப் பதிவு செய்யக் கருவி உண்டு. ஆனால், இல்லாது போன விலங்கைப் பதிவு செய்ய எக்கருவியாலும் இயலாது.

இதனை நன்குணர்ந்த கிருஷ்ணன், தென்னிந்தியா முதலாகத் தீபகற்பம் முழுவதும் உள்ள பெரிய பாலூட்டி விலங்குகளின் நிலையை ஆராயும் பெரும்பணியை மேற்கொண்டார். ஜவஹர்லால் நேரு நினைவு நிதியம் அவருக்கு ஆய்வு நல்கை வழங்கியது. காடு காடாகச் சென்று, எவ்விலங்கு எங்குள்ளது, எவ்வாறு வாழ்கிறது, எதனால் குன்றுகிறது என்பவற்றைப் படத்தோடும் குறிப்போடும் திரட்டினார். 1959 முதல் 1970 வரையுள்ள காலத்தைத் தழுவிய அவ்வாய்வு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தால் 1975இல் நூலாக வெளியிடப்பெற்றது. இந்நாளில் ஒரு காட்டில் விலங்கு பெருகிற்றா குறைந்ததா என்று ஆராய்வோர்க்கு அந்நூல் ஓர் அளவுகோலாக உதவுகின்றது.

இந்திய வனவிலங்கு வாரியத்தில் உறுப்பினராக இருந்தபொழுதும் அவர் தம் கருத்தை ஒளிவு மறைவின்றி எடுத்துரைத்தார். அயல்நாட்டு மரங்களை அழகிற்காகவும் விரைந்து வளர்வதற்காகவும் இந்நாட்டில் நடுவதை அவர் வன்மையாகக் கண்டித்தார். இம்மண்ணில் தோன்றி வளர்ந்த மரமும் விலங்கும் இந்நாட்டின் பெருஞ்செல்வம். கோயிலையும் சிற்பத்தையும் காப்பது போலவே அவற்றையும் காத்தல் நாட்டுப்பற்றின் ஒரு கூறு என்று அவர் கருதினார்.

ஆங்கிலத்தில் மிகுதியாக எழுதினாரெனினும் கிருஷ்ணன் தாய்மொழியை மறந்தவர் அல்லர். தமிழுக்காகப் பேசியவாறே உயிர் துறந்த தந்தையின் மைந்தர் அவர். பெரியசாமித் தூரன் முதன்மையாசிரியராக அமைந்து உருவாக்கிய தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் உயிரினங்களைப் பற்றிய கட்டுரைகள் எழுதினார். இதழ்களிலும் பறவை, விலங்கு பற்றித் தெளிந்த இனிய தமிழில் எழுதினார். அக்கட்டுரைகள் அவர் மறைவிற்குப் பின் மழைக்காலமும் குயிலோசையும், பறவைகளும் வேடந்தாங்கலும் என்னும் நூல்களாகத் தொகுக்கப்பெற்றன. அறிவியற் செய்தியைத் தமிழில் சொல்ல இயலாது என்பாரின் ஐயத்தைத் தீர்க்கும் நூல்கள் அவை.

இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1995இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு, உலகச் சூழலுக்குத் தொண்டாற்றிய பெருமக்களின் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. பட்டமும் பரிசும் அவர் வாழ்க்கை முறையை மாற்றவில்லை. எளிய இல்லம், எழுதும் மேசை, படங்களைத் துலக்கும் இருட்டறை, காட்டை நோக்கிய பயணம் ஆகியவையே இறுதிவரை அவர் உலகமாக இருந்தன. 1996ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள், தம் எண்பத்து நான்காம் வயதில், அவர் இயற்கை எய்தினார். அந்நாள் ஞாயிற்றுக்கிழமை. நாற்பத்தாறு ஆண்டுகள் இடையறாது வந்த அவர் கட்டுரைத் தொடரின் இறுதிப் பகுதி, அன்று காலையில் வாசகர் கையில் இருந்தது.

இன்று டிஜிட்டல் காமிரா எங்கும் பரவியுள்ளது. அதில் பிலிம் சுருளுக்கு வேலையில்லை. படமொன்றுக்குச் செலவும் இல்லை. ஒரு நொடியில் இருபது படங்களும் அதற்கு மேலும் எடுக்கும் கருவிகள் உள்ளன. மங்கிய ஒளியிலும் அவை தெளிவாகப் பதிக்கும். பறக்கும் பறவையின் கண்ணைத் தானே கண்டறிந்து அதன்மீது லென்ஸைப் பொருத்தும் நுட்பமும் வந்துவிட்டது. பொத்தானை அழுத்துவதற்குச் சற்று முன்னுள்ள நிலைகளையும் சேமித்துத் தரும் கருவிகளும் உள. கிருஷ்ணன் கனமான பெட்டியைச் சுமந்து, பன்னிரண்டு படங்களை எண்ணி எண்ணிச் செலவிட்ட காலத்தை நோக்க, இவை பெரும் பேறே ஆகும்.

ஆயினும், இக்கருவிகள் எவையும் விலங்கு வரும் வழியைக் காட்டா. அது வரும்வரை காத்திருக்கும் பொறுமையைத் தாரா. அருகில் சென்று படம் எடுக்கும் ஆவலால் யானையின் வழியை மறித்து நிற்போரும், கூட்டிலுள்ள குஞ்சுகளைக் கலைப்போரும் இந்நாளில் உளர். அவர் கையில் உள்ள கருவி கிருஷ்ணனுடையதைவிடப் பன்மடங்கு விரைவுடையது. ஆனால் விலங்கு எப்பொழுது சினக்கும், எவ்வளவு தொலைவில் நின்றால் அதன் அமைதி குலையாது என்பவற்றை அவர் அறியார். ஆதலின் தமக்கும் தீங்கு தேடி, விலங்கிற்கும் தீங்கு செய்கின்றனர்.

காமிரா இல்லாத மாணவரும் இக்கலையின் முதற்பாடத்தைக் கற்கலாம். வீட்டு முற்றத்து அணில் மரமேறுமுன் வாலை எவ்வாறு அசைக்கிறது, கொக்கு மீனைக் கொத்துமுன் கழுத்தை எவ்வாறு மடக்குகிறது, ஆட்டுக்குட்டி துள்ளுமுன் எக்காலை ஊன்றுகிறது என்று நாள்தோறும் சற்று நின்று பார்த்தல் போதும். கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும்; இயன்றால் வரைந்தும் வைத்தல் வேண்டும். மயிலாப்பூர்ப் புதர்வெளியில் ஒரு சிறுவர் தொடங்கிய வேலையும் அதுவேயாகும்.